செல்லுக்குள் உறையும் துளிகளும் அண்ணனின் குரலும்

1

என் மகள் யாழினியின் பிறந்தநாளன்று ஊரிலிருந்து ஒரு குரல் பதிவு தவறாமல் வந்துவிடும். அனுப்புகிறவர் என் அண்ணன் ஏழுமலை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஊர். அண்ணன் அங்கே நெல் போடுகிறார். சொந்தமாக டிராக்டர் வைத்து அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் ஓட்டிக் கொடுக்கிறார். எழுதி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு, ஜெர்மனி வரைக்கும் கேட்க வேண்டுமே என்பது போலக் கத்துவார்.

"யாளினி கண்ணு, மாமன் பேசறேன். நல்லா இருக்கணும் இன்னா? கேக்கு வெட்னியா? மாமனுக்கு ஒரு துண்டு எடுத்து வெய்யி."

இந்த வருடமும் வந்தது. காலை உணவு மேசையில் யாழினி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஏன்?"

"பேச்சு வேற மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழினி பிறந்தது இங்கே. அவள் அப்பா கோவைக்காரர். சனிக்கிழமைதோறும் இணையத்தில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் மூவரில் வாழைப்பழத்தைச் சரியாகச் சொல்கிறவள் அவள்தான். எங்கள் ஊரிலோ ழகரத்துக்கு வேலையே இல்லை. அண்ணனை ஊரே 'ஏயுமல' என்றுதான் கூப்பிடும். மாமா பேசுவது ஊர்ப் பேச்சு, அதனால் உனக்கு அப்படித் தோன்றுகிறது என்றேன்.

"அது எனக்குத் தெரியும்மா. ழ இல்ல. ர, ல, ரெண்டும் வழுக்குது."

போன வருடத்துப் பதிவைத் தேடி எடுத்து, அதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது உண்மை. போன வருடம் வார்த்தைகள் தெறித்து வந்தன. இந்த வருடம் சூடான போண்டாவை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. அண்ணன் பேசினால் எனக்கு அர்த்தம்தான் முதலில் காதில் விழும், ஓசையைக் கவனிப்பதில்லை. பாதி அர்த்தம் பிடிபடாத என் மகளுக்கு ஓசை மட்டும் கேட்டிருக்கிறது. இவளுக்குத் தமிழ் கைநழுவிப் போகிறதே என்று நான் வருத்தப்படாத நாளில்லை. அந்தக் குறைதான் அன்று எனக்கு முன்பாக அதைக் கண்டுபிடித்தது.

வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு பதிவுகளையும் இன்னொரு முறை கேட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆளுக்குப் பேச்சு இப்படி மெல்லமெல்லக் குழறினால் அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால், 'மைக்ராஸ்கோப்ல பாக்கற வேலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புச் செல்கள் இருக்கின்றன. நாக்கை அசைப்பது, விழுங்குவது, விரலை மடக்குவது எல்லாம் அவற்றின் வழியாகத்தான். அந்தச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒரு வகையின் மேல் ஒளிரும் அடையாளம் ஒன்றை ஒட்டிவிட்டால், இருட்டறையில் நுண்ணோக்கி வழியாக அதன் நடமாட்டத்தைப் பார்க்கலாம். செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம் என்பதுதான் இதில் விசேஷம். உடல் சூட்டிலேயே அதை வைத்திருப்போம்.

நான் பார்க்கிற புரதம் செல்லின் கருவுக்குள் இருக்க வேண்டியது. செல்லுக்குச் சிரமம் வந்தால் அதில் கொஞ்சம் வெளியே வந்து, எண்ணெய்த் துளிகள் போலச் சேரும். இரண்டு துளிகள் தொட்டால் ஒன்றாகிவிடும். சிரமம் தீர்ந்ததும் கரைந்து போகும். அதுவரை நல்லதுதான். சில செல்களில் மட்டும் அது கரைவதில்லை. இறுகிக் கட்டியாகிவிடுகிறது. இறுகிவிட்டதா என்று பார்க்க, லேசர் ஒளியால் அந்தத் துளியில் ஒரு புள்ளியின் ஒளிர்வை மட்டும் அழிப்போம். துளி இன்னும் திரவமாக இருந்தால், சுற்றியுள்ள புரதங்கள் நகர்ந்து வந்து அந்த இருண்ட புள்ளியை நிரப்பிவிடும். உறைந்துவிட்டால் புள்ளி அப்படியே இருண்டு கிடக்கும்.

அந்தக் கட்டிகள்தான் செல்லைக் கொல்கின்றனவா, அல்லது செத்துக்கொண்டிருக்கும் செல்லின் அடையாளமா, இன்னும் சர்ச்சைதான். செல் சாகும் என்பதில் சர்ச்சை இல்லை. நாக்குக்குப் போகிற செல்கள் முதலில் செத்தால் பேச்சு குழறும்.

அன்று பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு புள்ளி இருண்டு கிடந்தது. நிரம்புகிறதா, நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரம்பவில்லை.

3

அண்ணனிடம் கேட்கப் பயந்து அண்ணிக்குப் போன் செய்தேன். "நாஷ்டா ஆச்சா, புள்ள நல்லாக்கீதா" என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தவர், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டதும் நிறுத்திவிட்டார். ஃபோனோடு வெளியே நடந்து போகிற சத்தம் கேட்டது.

"உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது? ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னா, உங்கண்ணன் பகல்லயே ஊத்திக்கினு வண்டி ஓட்றாராம். டீக்கடையில இவரு பேசறதக் கேட்டு அவனுங்களே சொல்லிக்கினாங்களாம். ஒருத்தன் எங்கிட்டயே வந்து, கொஞ்சம் கண்டிச்சி வெய்யிம்மான்றான்."

"நெசமா குடிக்கிறாரா அண்ணி?"

"தூங்கும்போது வாய மோந்து பாத்தேம்மா. ஒரு நாள் இல்ல, தெனமும் பாக்கறேன். ஒண்ணும் வாசன இல்ல. ஆனா பேச்சு அப்பிடிதான் கீது. கேட்டா மூஞ்ச தூக்கி வெச்சிக்கிறாரு. இப்பல்லாம் டீக்கடைக்கே போறதில்ல. பேசறதே கொறஞ்சி போச்சி."

சாப்பிடும்போது புரை ஏறுகிறதா என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"உனுக்கெப்பிடித் தெரியும்?" என்றார் அண்ணி.

4

உடனே கிளம்பியிருப்பேன். ஆனால் என் வசிப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கும் மனு அயல்நாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. அது கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது கஷ்டம். இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள். அதற்கு முன்பதிவு வேண்டும். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால், காலி இடம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. எத்தனை தடவை திறந்தாலும் அதே மரியாதை. கடைசியில் முன்பதிவு இல்லாமலே போய் வரிசையில் நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் அவசரம் என்றேன். அவர் காரணம் கேட்டார். இத்தனை வருடம் பேசிப் பழகிய ஜெர்மன், பதற்றத்தில் ஓடி ஒளிந்துகொண்டது. "என் அண்ணன் பேச்சை இழந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்ல நினைத்துச் சொன்னேன். அந்த மொழியில் பேச்சுக்கும் மொழிக்கும் ஒரே சொல்தான். அந்த அம்மாளின் முகம் கனிந்தது. தானும் போலந்திலிருந்து சிறு வயதில் வந்தவள் என்றார். தன் பிள்ளைகளும் அப்படித்தான் தாய்மொழியை இழந்துவிட்டார்கள், என்ன செய்வது, அதற்கெல்லாம் அவசரச் சான்று தர விதி இல்லையே என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "மொழியை இல்லை. நாக்கை" என்று என் நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், கையோடு சான்றை எடுத்துவந்து முத்திரை குத்தினார்.

5

சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அண்ணனையும் அண்ணியையும் அழைத்துப் போனேன். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். நரம்பு மருத்துவர் ஓர் இளம் பெண். நாக்கை உள்ளேயே தளர்வாக வைத்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அண்ணன் நாக்கின் மேற்பரப்பு, உள்ளே புழுக்கள் நெளிவது போலத் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஊசி குத்தித் தசையின் மின்னோட்டத்தைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார்கள். இல்லை. பெரும்பாலும் அப்படித்தான், காரணம் சொல்லாமல் வருகிறது. எனக்கு அந்த டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு அறிக்கைக்கும், இதில் வேறு ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே காத்திருந்தேன். மருந்துக்கு அடங்குகிற எந்த நோயாக இருந்தாலும் அன்றைக்கு அதைக் கும்பிட்டு வரவேற்றிருப்பேன்.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டி ஒரு ஹோட்டலில் காரை நிறுத்தினோம். அண்ணன் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொரு வாயையும் யோசித்து யோசித்து விழுங்கினார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னா பாப்பா, அந்த டாக்டரம்மா உங்கிட்ட இங்கிலீஷ்ல இன்னா சொல்லிக்கினு இருந்தாங்க?"

"வூட்டுக்குப் போயி பேசலாம்ணா." அவரோடு பேசினால் என் பேச்சும் தானாக மாறிவிடும்.

"இங்கியே சொல்லு. வூட்ல பசங்க கீறானுங்க."

சொன்னேன். மோட்டார் நியூரான் என்கிற நரம்பில் நோய் என்றேன்.

"மோட்டரா?" என்றார் அண்ணி. "கெணத்து மோட்டரு மாதிரியா?"

"மோட்டருக்கு கரண்டு போற ஒயரு மாதிரி அண்ணி. மூளையிலேர்ந்து தசைக்குப் போற ஒயரு. அது ஒண்ணொண்ணா பட்டுப்போவுது."

"மருந்து?" என்றார் அண்ணன்.

"ஒரு மாத்திர குடுத்துக்கீறாங்க. கொஞ்சம் மெதுவாக்கும். நிறுத்தாது."

அண்ணன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தார். "அப்ப இது குடி இல்ல."

"இல்லண்ணா."

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க?"

"ஆமா."

"தோ, பாத்தியா?" என்று அண்ணி பக்கம் திரும்பினார். "அவனுங்க மூஞ்சில கொண்டும்போயி காட்டு." அவர் முகத்தில், நான் வந்ததிலிருந்து பார்க்காத ஒரு தெளிவு. வழக்கில் ஜெயித்தவர் போல இருந்தார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாம்பார் வாளியோடு வந்த பையன் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது. காரில் ஏறிய பிறகுதான், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எம்மா நாளு?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ஆள் மாறும்ணா. தெரியாது."

அது உண்மைதான். உண்மையின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊர் நெருங்கும்போது மறுபடி பேசினார். "நீ அங்க மைக்ராஸ்கோப்ல பாத்துக்கினு கீறது இத்தத்தானா?"

"ஆமாண்ணா."

"எனுக்குக் காட்டு."

6

ஜெர்மனிக்குத் திரும்பி வந்ததும் எங்கள் குழுத் தலைவரிடம் அனுமதி கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். உன் அண்ணனுக்கு அது நல்லதா என்று கேட்டார். தெரியாது, அவர் கேட்கிறார் என்றேன். சரி என்றார்.

ஒரு நாள் மதியம் இருட்டறையில் ஃபோனைத் திரைக்கு எதிரே சாய்த்து வைத்து ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டேன். ஃபோனில் அண்ணன், பக்கத்தில் அண்ணி. அண்ணன் பேச்சு அதற்குள் இன்னும் மோசமாகியிருந்தது. எனக்குப் புரியாததை அண்ணி திருப்பிச் சொன்னார்.

திரையில் ஒரு நரம்புச் செல் பச்சையாக ஒளிர்ந்தது. நீளமான வால். உள்ளே துளிகள் மிதந்தன. அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்தார். இரண்டு துளிகள் உரசி ஒன்றானதும், "தே, சேந்துக்கிச்சி" என்றார். அடுத்த செல்லுக்கு நகர்த்தினேன். அதில் பெரிய கட்டி ஒன்று. லேசரால் ஒரு புள்ளியை இருட்டாக்கினேன். மூன்று பேரும் காத்திருந்தோம். அது நிரம்பவில்லை.

"இதான் நோவா?"

"ஆமாண்ணா."

"கரையாதா?"

"கரைக்கறதுக்குத்தான் பாக்கறோம். இன்னும் வழி தெரியல."

அண்ணன் ஃபோனுக்கு இன்னும் கிட்டே வந்து பார்த்தார். "உசுரோட கீதா இது?"

"இப்ப வரைக்கும் உசுரோடதான் கீது. நம்ம ஒடம்பு சூட்லயேதான் வெச்சிக்கீறோம்."

"யாருது?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இதே நோய் வந்த ஒருவரின் தோலில் கொஞ்சம் எடுத்து, அந்தச் செல்களை மாற்றி நரம்புச் செல்லாக வளர்ப்போம். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான் இருக்கும். கூடவே வயது, ஆணா பெண்ணா என்ற விவரம்.

"ஒரு பொம்பள. இந்த நோவு வந்தவங்க. பேரு தெரியாது."

"அவங்க கீறாங்களா?" என்று அண்ணி கேட்டார்.

அந்தக் குறிப்பில் அதுவும் இருந்தது. நான் தினமும் பார்க்கிற செல்களின் சொந்தக்காரி உயிரோடு இல்லை. இல்லாமல் போய் வெகு நாளாகிறது. ஒரு கணம், பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் ஃபோன் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணி."

அண்ணன் தலையை ஆட்டினார். திரையைக் கை காட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அண்ணி மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: "பாவம், அத்த சூடா வெச்சிக்கோன்றாரு."

அழைப்பை முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் வெயில். இத்தனை வருடமும் இந்தச் செல்களை எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவை வளரும் தட்டை வெப்ப அலமாரியிலிருந்து எடுக்கும்போது கை கூசுகிறது. காட்டியது சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை. அன்று இரவு அண்ணன் நன்றாகத் தூங்கினார் என்று அண்ணி சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

7

பேச்சு முழுவதும் போவதற்குள் குரலைச் சேமித்துவைக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதற்கான செயலிகள் வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும். எல்லாம் எழுத்துத் தமிழ். 'நான் வெளியே செல்ல விரும்புகிறேன்' என்று அண்ணன் வாழ்நாளில் சொன்னதில்லை. எப்படிச் செய்வது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, யாழினி தானாக அதை எடுத்துக்கொண்டாள். மாமா தினமும் என்ன சொல்வாரோ அதையே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, ஃபோனில் ஒன்றுக்கு ஒரு பொத்தான் வைத்துவிட்டால் போதும் என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் ஊருக்கு அழைப்பாள். அங்கே விளக்கு வைக்கிற நேரம். "மோட்டரு போடு." "கரண்டு வந்துச்சா?" "டீய ஆத்திக் குடு." "வண்டிய பாத்து எட்றா." "சும்மா பேஜார் பண்ணாத." தெளிவாக வரும்வரை விடமாட்டாள். பேஜார் என்றால் என்ன என்று அவரிடமே கேட்பாள். சில நாள் இரண்டு வாக்கியத்திலேயே அண்ணன் களைத்துப்போவார். சில நாள் ஒன்றும் வராது. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே, குரல் நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். நேரத்தை முந்த முடியுமா என்பதுதான் என் கவலையெல்லாம்.

ஒரு நாள் யாழினி, "மாமா, அத்தையக் கூப்பிடணும்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"இந்தாம்மேன்னுவேன்."

"அது யாரை வேணாலும் கூப்பிடலாம் இல்ல? அத்தை பேர்?"

நான் கதவோரம் வந்து ஃபோன் திரையை எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்த வயது ஆட்கள் பெண்டாட்டியைப் பேர் சொல்லி அழைப்பதில்லை. அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் யாளினி. வேற எதனா கேளு."

அண்ணன் அவர் பக்கம் திரும்பி, மாட்டைப் போய்ப் பார் என்பது போலக் கையை வீசினார். அண்ணி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். அதன் பிறகு அண்ணன் ஃபோனை நெருங்கி உட்கார்ந்தார். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. நடுவில் இருக்கிற எழுத்து அவர் நாக்குக்கு ஏறவே இல்லை. மறுபடி சொன்னார். மறுபடியும். தண்ணீர் குடித்து, புரையேறி, இருமி ஓய்ந்து, மறுபடி சொன்னார். யாழினி ஒரு தடவைகூடப் போதும் மாமா என்று சொல்லவில்லை. நான் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கதவோரம் நின்றிருந்தேன். கடைசியில் ஒரு தடவை வந்தது. முழுசாக இல்லை, ஆனால் யாருக்கும் புரியும்படி வந்தது.

இப்போது அண்ணனால் பேச முடிவதில்லை. வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகச் சாப்பாடு போகிறது. இரண்டு கையிலும் பலம் குறைந்து வருகிறது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் நன்றாக மடங்குகிறது. டிராக்டரை மூத்த பையன் ஓட்டுகிறான். ஊரிலிருந்து அழைப்பு வந்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எடுத்து, அந்தப் பக்கம் சாதாரணக் குரல் கேட்கிறதா என்றுதான் முதலில் கவனிக்கிறேன்.

நேற்றும் அப்படித்தான் எடுத்தேன். அண்ணி சலித்துக்கொண்டார்.

"உம்பொண்ணு பண்ண வேல. ஒரு வேல செய்ய வுடமாட்டன்றாரு உங்கண்ணன். அந்த ஃபோன்ல எம்மாம் கீது, மோட்டரு, டீ, தண்ணின்னு? ஒண்ணத்தையும் தொட்றதில்ல. காலையிலேர்ந்து அந்த ஒண்ணையே அமுத்திக்கினு கீறாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் அண்ணனின் குரல், இப்போது எங்குமே இல்லாத அந்தக் குரல், கரகரத்துக் கேட்டது.

"கஸ்தூரி."

சற்று நேரம் கழித்து மறுபடியும், "கஸ்தூரி."

"தோ வர்றேன்யா, வர்றேன்" என்று சொல்லி அண்ணி ஃபோனை வைத்துவிட்டார்.